பொத்தானைச் சுற்றி ஒரு கோடு

சுகப்பிரியா செய்த பக்கத்தில் மூன்று பொத்தான்கள் இருந்தன. சரி, ரிஜெக்ட், உதவி. மூன்றும் சாம்பல் நிறம். ப்ரவுசர் தானாகவே மாட்டிவிடுகிற சாம்பல், அதே ஒல்லியான கறுப்பு ஓரம், பக்கத்தின் மற்ற எழுத்தோடு ஒட்டாத பொடி எழுத்து. ஆனால் வேலை செய்தது. ஒரகடத்தில் பிரேக் குழாய்க்கான இரும்பு இணைப்புகள் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே நான்காவது லைனில் சோதனைக்கு நிற்கும் பெண்கள் முன்பெல்லாம் காகிதத்தில் கோடு போட்டு எண்ணுவார்கள். ஒன்றரை மாதமாக இந்தப் பக்கத்தில்தான் எண்ணுகிறார்கள். ஒரு ஷிஃப்டில்கூட எண்ணிக்கை தப்பியதில்லை.

அதை யாரும் அழகு என்று சொல்லவில்லை. அவளுக்கு அது முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

"வேலை செய்யுது, ஒத்துக்கிறேன்" என்றார் இன்ஜினியர் ஏகாம்பரநாதன். காஞ்சிபுரத்துக்காரர், கேன்டீனில் ட்ரெய்னிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். "ஆனா பாக்க ரேஷன் கட மிஷின் மாதிரி கீதேம்மா. வியாழக்கெழம பிளான்ட் ஹெட் வராரு. கொஞ்சம் ஜோடிச்சி வுடக் கூடாதா?"

"செய்யுதேன் சார்."

"சிஸ்டம் ரூம்ல ஒரு சீட் காலியா கீது, தெரியும்ல. ட்ரெய்னில ஒருத்தரப் போடலாம்னு சொல்லிக்கினு இருக்காங்க. அன்னிக்கே முடிவு பண்ணிடுவாங்க."

தெரியாமல் என்ன. ட்ரெய்னி என்றால் இரண்டு வருஷம். அவளுக்குத் தை மாதத்தோடு முடிகிறது. முடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். கம்ப்யூட்டர் வேலை நடக்கும் சிஸ்டம் ரூமில் உட்கார்ந்தவர்களை மட்டும் யாரும் அனுப்பியதில்லை. அந்த சீட் தனக்குத்தான் என்று அவள் அம்மா சொர்ணம்மாளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த சந்திரலேகா அப்போதுதான் நிமிர்ந்தாள். "எனக்குக் கலர் எல்லாம் நல்லா வரும் சார். ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பாக்கோம்."

"ஆங், ரெண்டு பேரும் சேந்து பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

சந்திரலேகாவுக்குக் கடையநல்லூர். இருவருக்கும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறை, ஒரே கம்பெனி பஸ். இவளுக்கு சோதனை லைன், அவளுக்கு பேக்கிங். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை இருவருக்கும் ஒரே அளவுதான். சுகப்பிரியா போட்டால் கொடியில் காயப்போட்டது போல இருக்கும். சந்திரலேகா அதிலேயே இடுப்புப் பக்கம் ஒரு மடிப்பு மடித்து நின்றால், அளவெடுத்துத் தைத்த மாதிரி. வல்லக்கோட்டை முருகனைக் கும்பிடப் போனால் பூக்காரம்மா அவளுக்கு மட்டும் ஒரு கண்ணி கூடுதலாகக் கிள்ளித் தருவாள். தண்ணீர் கேன் கொண்டுவருகிறவன் அவள் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுவான், கேனைத் தூக்கி உள்ளே வைப்பது சுகப்பிரியாவாக இருக்கும். சந்திரலேகா இதில் ஒன்றைக்கூட கேட்டு வாங்கியதில்லை. கேட்டு வாங்கியிருந்தால் சுகப்பிரியா அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

ஞாயிறு மதியம் பாயில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தார்கள். பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப், சுகப்பிரியாவுடையது.

"ஏட்டி, நான் பச்ச குடுத்தாலும் இந்த ஓரம் அப்படியே நிக்கே."

"அது நாம போட்டது இல்லட்டி. ப்ரவுசர் போட்டு வச்சது. மொதல்ல அது போட்டத எல்லாம் கழத்து, பொறவு உனக்கு வேணுங்கறதப் போடு."

"எப்படிக் கழத்த?"

சுகப்பிரியா சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஓரம் வேண்டாம் என்று ஒரு வரி. பின்னணி வேண்டாம் என்று ஒரு வரி. மெஷினுக்கு மெஷின் மாறுகிற தோற்றமே வேண்டாம் என்று ஒரு வரி. கடைசியாக, பக்கத்தில் உள்ள எழுத்தையே எடுத்துக்கொள் என்று ஒரு வரி. பொத்தான் அதைச் சொன்னால்தான் கேட்கும், தானாகக் கேட்காது. நான்காவது வரி முடிந்ததும் பொத்தான்கள் மூன்றும் காணாமல் போய், வெள்ளைத் திரையில் மூன்று சொற்கள் மட்டும் நின்றன.

"ஐய, மொட்ட போட்ட மாதிரி நிக்கி" என்று சந்திரலேகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சரிக்கு இளவாழைக் குருத்தின் பச்சை. ரிஜெக்டுக்குச் சுட்ட செங்கல் நிறம். உதவிக்குக் கருநீலம். முனைகளை மழுக்கினாள். எழுத்தைப் பெரிதாக்கி நடுவில் நிறுத்தினாள். சுற்றிலும் காற்று விட்டாள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சுகப்பிரியா பத்து நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து கண் எரிய எழுதிய பக்கம், இப்போது யாரோ வேறு ஆள் எழுதிய பக்கம் மாதிரி இருந்தது. நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"இது என்னட்டி, டேப் கீயில கை பட்டா பொத்தானச் சுத்தி ஒரு கறுப்புக் கோடு வருது? எல்லாத்தையும் கெடுக்கி."

சுகப்பிரியா எட்டிப் பார்த்தாள். சரியைச் சுற்றித் தடித்த கோடு ஒன்று கட்டம் கட்டியிருந்தது.

"ஒரு வீடியோவுல `outline: none` போடச் சொல்லுதான். போட்டா போயிருமாம். போடட்டா?"

அந்தக் கோடு எதற்கு என்று சுகப்பிரியாவுக்குத் தெரியும். சோதனை லைனில் எல்லோரும் ரப்பர் பூசிய கிளவுஸ் போட்டிருப்பார்கள், அதன் மேல் எண்ணெய் வேறு. அந்தக் கையால் திரையைத் தொட்டால் திரை அசையாது. அதனால் ஒவ்வொரு திரைக்கும் முன்னால் ஒரு கீபோர்டு. டேப், என்டர் இரண்டைத் தவிர மற்ற கீக்கள் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். டேபைத் தட்டினால் அடுத்த பொத்தானுக்குப் போகும், என்டரைத் தட்டினால் பதிவாகும். நல்ல பீஸ் வரும்வரை சரியிலேயே நின்று என்டர் என்டர் என்று தட்டிக்கொண்டே போவார்கள். கெட்டது வந்தால் ஒரு தட்டு தள்ளி ரிஜெக்டுக்குப் போய்விட்டு, மறுபடி சுற்றிச் சரிக்கு வருவார்கள். எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்டுவது அந்தக் கோடு ஒன்றுதான். பேக்கிங்கில் கிளவுஸ் கிடையாது, விரலால் தொட்டு வேலை பார்ப்பார்கள். சந்திரலேகாவுக்கு இது தெரிய வழியில்லை.

சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

"என்னட்டி, போடட்டா?"

"ம்" என்றாள் சுகப்பிரியா.

கோடு போய்விட்டது. சந்திரலேகா திரையைத் தள்ளி வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இப்பத்தான் நல்லா இருக்கு."

அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஆணியை இடம் மாற்றினாலும் மாற்றத் தாள் ஒன்று எழுத வேண்டும். கீழே இரண்டு கையெழுத்து. செய்தவர், சரிபார்த்தவர். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஏகாம்பரநாதன் எதையும் லைனுக்குள் விடமாட்டார். திங்கள் காலை பஸ்ஸில் சந்திரலேகா தாளை மடியில் வைத்துத் தன் முத்தான எழுத்தில் நிரப்பி, பேனாவோடு நீட்டினாள். பஸ் வளைவில் திரும்புகிற நேரம் பார்த்து சுகப்பிரியா கையெழுத்துப் போட்டாள். கோணலாக விழுந்தது. பஸ் ஆட்டத்தால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பத்து மணிக்குள் நாலு லைனுக்கும் செய்தி போய்விட்டது.

"இன்னாம்மா இது, ஃபாரின் ஆப் மாதிரி கீது. யாரு கைவரிசை?" என்றார் ஏகாம்பரநாதன்.

"ரெண்டு பேரும்தான் சார்" என்றாள் சந்திரலேகா. ஆனால் மற்றவர்கள் அப்படியா சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அதன் பெயரே சந்திரலேகா ஸ்க்ரீன் என்று ஆகிவிட்டது. உள்ளே ஓடுகிற எல்லாமும் சுகப்பிரியா எழுதியது. கண்ணுக்குத் தெரிகிறது மட்டும் சந்திரலேகாவுடையது. கண்ணுக்குத் தெரிகிறதுக்குத்தானே பெயர்.

அன்று சாயந்திரம் அம்மா கூப்பிட்டாள். "ரூம்பு கெடச்சிருச்சாட்டி? ஏசியா?"

"வியாழக்கெழம சொல்லுவாவ."

"கெடச்சிரும்லா? நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"சரிம்மா, வை."

செவ்வாயன்று புதிய பக்கம் லைன் திரைகளில் ஏறியது. சுகப்பிரியா தன் திரை முன் நின்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே தட்டினாள். கோடு இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், அவள் எழுதிய பக்கமல்லவா. ஷிஃப்டுக்கு இரண்டே திரை, பக்கத்துத் திரையில் கோவிந்தம்மா நின்றாள். உள்ளூர்க்காரி, இந்த லைன் போட்ட நாளிலிருந்து நாலு வருஷமாக அதே இடத்தில் நிற்கிறவள். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பின்னால் வந்து பார்த்தாள்.

"இன்னாடி கண்ணு, எதுல நிக்குதுன்னே தெர்லயே எனக்கு."

"பாத்து அமுக்குங்கக்கா."

"பாத்தாலும் தெர்லியே. எல்லாம் பளபளான்னு கீது."

சுகப்பிரியா தன் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கணக்கு வேறு. நாலைந்து பீஸ் தப்பும், கோவிந்தம்மா மாதிரி யாராவது முனகுவார்கள், ஏகாம்பரநாதன் வந்து பார்ப்பார், அழகு மட்டும் போதாது என்று எல்லோர் முன்னாலும் சந்திரலேகாவிடம் சொல்வார். அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

எண்ணிக்கை லைனில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்தால் கை தாமதமாகும் என்று அதை சூப்பர்வைசர் மேஜைக்குத் திருப்பியிருந்தார்கள். ஷிஃப்ட் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது சூப்பர்வைசர் ஜெகதீஷ் கையில் ஒரு தாளோடு வந்தான்.

"கோவிந்தம்மா, இன்னிக்கி எத்தினி ரிஜெக்ட் போட்ட?"

"மூணுப்பா."

"ரிஜெக்ட் பெட்டில மூணுதான் கீது. ஸ்க்ரீன்ல இருநூத்திப் பதினாலு கீது."

"அதெப்படி?"

"அத நீதான் சொல்லணும். மீதி இருநூத்திப் பதினொண்ணு எங்க? நல்ல பீஸோட கலந்து அனுப்பிட்டியா?"

"தோ பாரு, நான் ஏன்பா கலக்குறேன்?"

எப்படி என்று நின்று யோசிக்க யாரும் தயாராக இல்லை. பிரேக் சாமான். அன்று கட்டிய பெட்டிகள் அத்தனையையும் சிவப்பு நாடா சுற்றி நிறுத்தினார்கள். கேட்டில் ஏற்ற வந்த லாரி அப்படியே நின்றது. கோவிந்தம்மாவை லைனை விட்டு எடுத்து, நாளை காலை சிவப்பு மேஜை என்று சொல்லிவிட்டார்கள். தப்பு நடந்தால் அதைச் செய்தவர் காலைக் கூட்டத்தில் அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று, எப்படித் தப்பினேன் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நாலு வருஷத்தில் கோவிந்தம்மா அந்த மேஜைப் பக்கம் போனதில்லை. கிளவுஸைக் கழற்றி, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நீவி நீவி மடித்துக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் சந்திரலேகா சொன்னாள்: "பாவம்ட்டி அந்தக்கா. கண்ணு மங்குதோ என்னமோ."

சுகப்பிரியா ஜன்னலைப் பார்த்தாள். இப்போது சொன்னால் இரண்டு நாள் ஏன் சொல்லவில்லை என்று வரும். சொல்லாவிட்டால் கோவிந்தம்மா.

புதன் காலை ஏழு மணிக் கூட்டத்தில் பேக்கிங்கும் சேர்த்து நாற்பது பேர் நின்றார்கள். கோவிந்தம்மா சிவப்பு மேஜைக்குப் பக்கத்தில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, கோயிலுக்குக் கிளம்பியவள் போல நின்றாள்.

"சொல்லும்மா" என்றான் ஜெகதீஷ்.

"இன்னா சொல்றது. நான் சரிதான் அமுக்குனேன். எப்டி மாறிச்சின்னு தெர்ல. வயசாயிடிச்சின்னு நெனச்சிக்கினீங்கன்னா நெனச்சிக்கோங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். கோவிந்தம்மாவின் முகம் அப்படியே நின்றது, கழுத்து மட்டும் சிவந்தது.

"ஸ்க்ரீன்தான் சார் தப்பு" என்றாள் சுகப்பிரியா.

தன் குரல்தான் என்று அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. ஏகாம்பரநாதன் திரும்பினார். அவள் போய்க் கீபோர்டில் டேபைத் தட்டினாள். திரையில் ஒன்றும் அசையவில்லை. "இப்ப எந்தப் பொத்தான்ல நிக்குதுன்னு சொல்லுங்க சார்."

அவர் பார்த்தார். ஜெகதீஷ் பார்த்தான். யாராலும் சொல்ல முடியவில்லை.

"முன்ன சுத்தி ஒரு கோடு வரும். அது போயிருச்சு. ரிஜெக்ட்ல நின்னுகிட்டே அக்கா என்டர் தட்டியிருக்காவ. பீஸ் எல்லாம் நல்ல பீஸ்தான்."

சந்திரலேகா முன்னால் வந்தாள். "நாந்தான் சார் எடுத்தேன். எனக்குத் தெரியாது சார். பேக்கிங்ல நாங்க விரலாலதான் தொடுவோம். கிளவுஸ் விஷயமே எனக்குத் தெரியாது."

ஏகாம்பரநாதன் ஃபைலைப் புரட்டி மாற்றத் தாளை எடுத்தார். கீழே இருந்த கோணல் கையெழுத்தில் விரலை வைத்தார். "செக் பண்ணது நீதானம்மா. அப்ப நீ கவனிக்கலயா?"

நல்ல மனுஷன். வழியையும் அவரே திறந்து வைத்தார். கவனிக்கவில்லை சார் என்று ஒரு வார்த்தை. அவசரத்தில் ஒரு பிசகு, அதையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள், சீட் அவளுக்கே வந்தாலும் ஆச்சரியமில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் சந்திரலேகா முந்திக்கொண்டாள்.

"அவ மேல தப்பு இல்ல சார். ஓடுற பஸ்ஸுல வச்சு கையெழுத்துப் போடச் சொன்னது நாந்தான். அவ படிச்சுப் பாக்கவே நேரம் குடுக்கல. அந்தப் பக்கமே அவ எழுதுனதுதான். சீட்ட அவளுக்கே குடுங்க சார்."

நாற்பது பேரும் சந்திரலேகாவைப் பார்த்தார்கள். தப்பு செய்துவிட்டு நிற்கும்போதும் அவள்தான் அழகாக நின்றாள். இதையும் அவளே செய்துவிட்டாள். விட்டுக்கொடுப்பதையும். சீட் கிடைத்தால் அது சந்திரலேகா கொடுத்த சீட்டாக இருக்கும். சிஸ்டம் ரூமில் தினமும் அந்த நாற்காலியில் உட்காரும்போது அவள் கொடுத்தது, அவள் கொடுத்தது என்று இருக்கும். அது சுகப்பிரியாவுக்கு வேண்டாம். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அவள் வாய் திறந்தாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"கவனிச்சேன் சார்" என்றாள். "ஞாயித்துக்கெழமையே தெரியும். போடட்டான்னு கேட்டா. நான் ம் சொன்னேன்."

ஏகாம்பரநாதன் தாளிலிருந்து விரலை எடுத்தார்.

"தெரிஞ்சிதான் கையெழுத்துப் போட்டியா?"

"ஆமா சார்."

கோவிந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்து அமுக்குங்கன்னு சொன்னியேடி."

சுகப்பிரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

ஏகாம்பரநாதன் ஃபைலை மூடினார். குரலை உயர்த்தவில்லை. "மொதல்ல அந்தக் கோட்டப் போடு. லைன் நிக்கிது."

அவள் அங்கேயே நின்றுகொண்டு எழுதினாள். டேப் தட்டி வரும்போது மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு விரல் தடிமனுக்கு மஞ்சள் கோடு, எட்ட நின்றாலும் தெரியும்படி. சந்திரலேகா கொடுத்த பச்சையின் மேல் அது பளிச்சென்று நின்றது. கோவிந்தம்மா கிளவுஸை மாட்டிக்கொண்டு வந்து நாலு தடவை தட்டிப் பார்த்தாள்.

"இப்ப கீது" என்றாள். சுகப்பிரியாவைப் பார்த்துச் சொல்லவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னாள்.

வியாழக்கிழமை பிளான்ட் ஹெட் வந்துபோன பிறகு முடிவு தெரிந்தது. சந்திரலேகா ஒரு வாரம் கோவிந்தம்மாவிடம் கிளவுஸோடு நின்று லைனைப் பழகிவிட்டு, அதற்குப் பிறகு சிஸ்டம் ரூம் போக வேண்டும். சுகப்பிரியாவுக்கு பேக்கிங். இனி எந்த மாற்றத் தாளிலும் அவள் கையெழுத்துச் செல்லாது.

அன்று பஸ்ஸில் சந்திரலேகா அவள் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில்தான் கேட்டாள்.

"நான் உனக்கு என்னட்டி செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல."

"பொறவு?"

"ஒண்ணுமே செய்யாம எல்லாம் உனக்கு வருதுல்லா."

சந்திரலேகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்த சுகப்பிரியாவுக்கு, அந்தப் பார்வை தாங்கவில்லை. "சீட்ட நான் விட்டுக் குடுத்தேன்லட்டி" என்றாள் சந்திரலேகா மெதுவாக.

"அதான் எனக்குப் பிடிக்கல."

சந்திரலேகா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அறைக்கு வந்ததும் பாயைச் சுருட்டினாள், பக்கெட்டில் சோப்பையும் மக்கையும் போட்டாள். மாடியில் கவியா என்று ஒருத்தி தனியாக இருக்கிறாளாம், அங்கே போகிறாளாம். சண்டை இல்லை, கத்தல் இல்லை. போகும்போது கதவை அவள் சாத்தவில்லை, சுகப்பிரியாதான் எழுந்து சாத்த வேண்டியிருந்தது.

அம்மா கூப்பிட்டபோது, கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். யாருக்குக் கிடைத்தது என்று அம்மா கேட்டாள். கூட இருந்த பிள்ளைக்குத்தான் என்றாள். "அவ நல்ல பிள்ளைதான, பேசும்போதெல்லாம் அத்தம்மா அத்தம்மான்னு கூப்புடும்" என்றாள் அம்மா.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியபோது அவர்கள் இருவரும் உட்காருகிற இருக்கை காலியாக இருந்தது. சந்திரலேகா மூன்று வரிசை முன்னால் இருந்தாள். ஜன்னல் பக்கம் கவியா. கவியாவை சுகப்பிரியா முன்பு சரியாகப் பார்த்ததுகூட இல்லை. எண்ணெய் வழியும் ஒற்றைப் பின்னல், கழுத்தில் அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது, பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே தூங்கிப்போய் சந்திரலேகாவின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். அந்தத் தலை நழுவாமல் இருக்க சந்திரலேகா தோளைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டாள்.

சிஸ்டம் ரூமைப் பற்றி சுகப்பிரியா அப்போது நினைக்கவில்லை. ஒரகடம் வரும்வரை அந்தப் பின்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.